சுவரில் கட்டிய கோழி

அன்று சமையலறையில் சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் என் மகன் திருநாவுக்கரசு, வெளிநாட்டில் அவனோடு அந்த வாடகை வீட்டில் தங்கிப் படிக்கும் ஆன்டோ, முபாரக், பிறகு அவனைப் பார்க்க வந்திருந்த நான். எதிரே கூடத்துச் சுவரில் ஒரு சிறு கருவி இருந்தது. குளிர் கூடினால் அதுவே ஹீட்டரை ஓடவிடும்; கையால் யாரும் கூட்டாதபடி அதற்குப் பூட்டு. வீடு குளிர்கிறது என்று அதை நம்பவைக்க யாரோ உறைந்த கோழிப் பையை அதன்மேல் கட்டியிருந்தார்கள். பை இளகி, இளஞ்சிவப்பு நீர் சுவரில் வழிந்து என் செருப்புவரை வந்திருந்தது.

“கோழி ஆன்டோவோடது. இந்த மாச ஹீட்டர் பில்ல அவனே கட்டட்டும்,” என்றான் முபாரக்.

“எவனாவது தன் கறிய தானே நாறப் போடுவானா? அங்கிள் வந்த பெறவுதான்டா ஹீட்டர் ஓயாம ஓடுது,” என்றான் ஆன்டோ.

என் மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “நாங்க சைவம்டா. எங்க வீட்டுல கறியக் கையால தொட மாட்டோம். வேணும்னா அப்பாவையே கேளு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பையைப் பார்த்தேன். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த வடகப் பொட்டலத்தில் சுற்றியிருந்த வாழைநாரால் அதைக் கட்டியிருந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்தவன் என் மகன்.

நாரை அவிழ்த்தேன். பையை இரு கைகளாலும் ஏந்தி வந்து மகனின் தட்டில் வைத்தேன். விரலிடுக்கில் அந்த நீர் பிசுபிசுத்தது.

“உங்களுக்குக் குளிருமேன்னுதான்ப்பா,” என்றான்.

கையைக் கழுவிவிட்டுப் பெட்டியை எடுத்தேன்.

குளிர் தாங்காமல் நான் பாதியில் திரும்பிவிட்டதாக உறவில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. குளிர் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.