வரவேண்டிய தேதி

தேகு நகரக் கட்டாயப் படைச்சேர்ப்பு அலுவலகத்தின் கண்ணாடியில் பனிக்கால வெயில் கஞ்சி நிறத்தில் படிந்திருக்கிறது. உடல் சோதனைக்கு வந்த பையன்களின் வெறுங்கால் சத்தம் தூறலைப் போலக் கேட்கிறது. போக்-சூன் தன் மகன் இன்-கியூவுக்கு வந்த அழைப்பாணையை மேசையில் வைத்து, மடிப்பை நீவிவிடுகிறாள். ஆறு வயதில் சந்தைக் கூட்டத்தில் அவள் கையிலிருந்து நழுவிப்போனவன், இன்றுவரை கிடைக்கவில்லை. குடும்பப் பதிவேடு மட்டும் வருஷம் தவறாமல் அவனுக்கு வயதை ஏற்றி, பத்தொன்பதில் படைக்குக் கூப்பிட்டிருக்கிறது. "பையன் வரலியா?" என்கிறார் எழுத்தர், தலை நிமிராமலே. "தேதிக்கு வரலேன்னா, எந்த மூலைல இருந்தாலும் போலீஸ் தேடிப் பிடிச்சிடும்மா. சொல்லி வைங்க." அவள் முகத்தில் மெல்ல வெயில் ஏறுகிறது. மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு குனிகிறாள். "நெசமாவே தேடுவாங்களா, சார்?"