சத்தம் எப்படி இருக்கு?

"ஒரு அடி பிசகியிருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க சார். நீங்க கையெழுத்துப் போட்டதும் கச்சேரி வீடியோ வெளியே போயிடும்" என்றாள் எடிட்டர். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, திரைப் பக்கம் திரும்பிப் பட்டனைத் தட்டினாள்.

'இடி' என்று பேரெடுத்த டிரம்மர் தலையாட்டி வைத்தார். அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். காது போய் எட்டு மாதம் ஆகிறது. மனைவிக்குத் தெரியும். ராக் குழுவில் யாருக்கும் தெரியாது.

தெரிந்தால் அன்றோடு சரி. போன வருஷம் கீபோர்டுக்காரருக்குக் காது மந்தமானபோது, 'காது போனவன் தானா விலகிடணும்' என்று மற்ற நால்வரும் பேசி முடிவெடுத்தார்கள். முதலில் கை தூக்கியவர் இடிதான். முப்பத்தைந்து வருஷம் கூட வாசித்த மனுஷர், கீபோர்டைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு போனார்.

திரையில் மேடை வெளிச்சம் பாய்ந்தது. கச்சேரி அன்றைக்கு இடி வாசித்தது காதால் அல்ல, கண்ணால். பேஸ் கிட்டார் வாசிக்கும் நெட்டையின் குதிகால் தரையில் தட்டுவதைப் பார்த்துப் பார்த்தே இரண்டு மணி நேரத்தை ஓட்டினார்.

இப்போதுதான் படத்தில் ஒன்றைக் கவனித்தார். பாடகர் கூட்டத்தைப் பார்க்காமல் இவர் குச்சியையே பார்க்கிறார். லீடு கிட்டார் வாசிக்கும் கம்பியும் அப்படியே. நெட்டைகூட அடிக்கடி திரும்பி இவர் கையைப் பார்க்கிறார்.

கண்டுபிடித்துவிட்டார்கள். இங்கே வரச்சொன்னதே என்னைச் சோதிக்கத்தானோ?

இடி ஓரக்கண்ணால் பார்த்தார். சோபாவில் மூவரும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவரும் திரையில் குச்சி விழுகிற நேரம் பார்த்துக் காலை ஆட்டினார்.

எடிட்டர் படத்தை நிறுத்தி, ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு திரும்பினாள். "சத்தம் எப்படி இருக்கு சார்?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் குரல்ல கிழடு தட்டவே இல்லடா!" என்று கத்தினார் பாடகர். நால்வரும் எப்போதும் கத்தித்தான் பேசுவார்கள். மேடைப் பழக்கம்.

"என் கிட்டார் கணீர்னு இருக்கு. நெட்டை, உன்னோடதுதான் அமுங்கிப் போச்சு" என்றார் கம்பி.

"என்னோடதா? ஜன்னல் கண்ணாடியே அதிருது, போடா!"

மூவரும் இடியின் பக்கம் திரும்பினார்கள். "நீ என்னடா, கல்லு மாதிரி உக்காந்திருக்கே?" என்றார் பாடகர்.

இடி ஒரு காதைப் பொத்திக் காட்டினார். "டிரம்ஸ்... காதைப் பிளக்குதுடா. கொஞ்சம் குறைக்கலாம்."

"அதேதான் நானும் நினைச்சேன்!" என்றார் கம்பி. மற்ற இருவரும் வேகவேகமாகத் தலையாட்டினார்கள். இடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேனாவை எடுத்தார்.

எடிட்டர் காகிதத்தை நீட்டவில்லை. கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோனின் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். அதன் நுனி இன்னும் மேசையில் செருகியபடியே இருந்தது. அது செருகியிருக்கும்வரை ஸ்பீக்கர் வாயைத் திறக்காது.

நால்வரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சார்... இவ்வளவு நேரமும் சத்தம் எனக்கு மட்டும்தானே கேட்டுச்சு?"