வாயடைத்த ரேடியோ

“ரேடியோ இன்னைக்கும் வாயைத் திறக்கலைங்க. லிஃப்ட்டுல என்கூடத்தான் வந்தா. ‘என்ன சமையல்’னு கேட்டேன். ‘ம்’ங்கறா. ‘ம்’ ஒரு சமையலா?”

தையல் கடையிலிருந்து வந்தவள் பையை நாற்காலியில் எறிந்தாள். பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டியிருந்த கணவன் சிரித்தான்.

ரேடியோ, பக்கத்து ஃப்ளாட்காரி. ஓயாமல் பேசுவதால் இவள் வைத்த பெயர். இரண்டு குடும்பமும் ஒரே விமானத்தில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியவர்கள். நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு ஒரே நாளில் விண்ணப்பித்தவர்கள்.

இவர்களுக்குப் போன திங்கட்கிழமை அது வந்துவிட்டது.

‘ஹோ’வென்று கத்தப் போன கணவனின் வாயை இவள்தான் பொத்தினாள்.

“கத்தாதீங்க! சுவர் காகிதம் மாதிரி இருக்கு. அவங்க காதுல விழுந்துடும்.”

ரேடியோவின் கணவன் வேலை பார்த்த பேக்கரியை நடுவில் மூடிவிட்டார்கள். வேலை மாறியதால் அனுமதி கிடைப்பதே சந்தேகம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த வீட்டுக்கு விடியும்வரை இந்த வீட்டில் கொண்டாட்டம் கிடையாது என்று இவள் முடிவு செய்தாள். அன்று இருவரும் காலுறை போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் சமையலறையில் ஆடினார்கள்.

“நாம எவ்வளவு பெருந்தன்மையா மறைக்கிறோம்! அவ எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டா. வயித்தெரிச்சல்.”

“பாவம், கவலையில இருப்பா.”

“கவலையா? நேத்து அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே! என்னைப் பத்தித்தான் பேசிச் சிரிக்கிறாங்க.”

“உன்னைப் பத்திச் சிரிக்க என்ன இருக்கு? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பயப்படற விஷயம்தான்.”

“உங்களுக்கு எல்லாம் ஜோக்கு! கூடப் பிறந்தவளாட்டம் நினைச்சேன். ஒருத்தி நல்லா இருந்தா பொறுக்காதா?”

பொருமிக்கொண்டே துணிக்கூடையை எடுத்தாள். அழுக்குத் துணி எதுவும் இல்லை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை; வீட்டில் பேசினால் பக்கத்தில் கேட்கும். துவைத்து மடித்த துணியையே கூடையில் போட்டுக்கொண்டு, கட்டடத்தின் அடியில் இருக்கும் சலவை அறைக்கு இறங்கினாள்.

கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றாள்.

ஓடாத வாஷிங் மெஷினில் சாய்ந்து, முதுகைக் காட்டியபடி ரேடியோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு துணிக்கூடை. அதிலும் மடித்த துணி.

“நிஜம்தாம்மா! போன திங்கக்கிழமையே வந்துடுச்சு. இனி யாரும் எங்களைக் கிளம்புன்னு சொல்ல முடியாது... அழாதேம்மா, நீ அழுதா நானும் அழுதுடுவேன்.”

திங்கட்கிழமையேவா? இவளுக்குச் சுருக்கென்றது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! என்ன நெஞ்சழுத்தம்!

ரேடியோ குரலைத் தாழ்த்தினாள்.

“இல்லம்மா, இங்க யார்கிட்டயும் மூச்சு விடலை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இன்னும் வரலை. பார்த்தா உளறிடுவேன்னு அவங்க முகத்தையே பார்க்காம திரியறேன். அவங்களுக்கும் வந்துடட்டும், அப்புறம் பாரு, ரெண்டு பேரும் சேர்ந்து போடற சத்தத்துல இந்தக் கட்டடமே அதிரும்!”