நெடுங்கழுத்தன்

வாள்பல்லன் மேனேஜரை இடுப்போடு கவ்வித் தூக்கியபோது நர்ஸ் கைகழுவிக்கொண்டிருந்தாள். மேனேஜர் அலறினார். எலும்பு நொறுங்கியது. நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிவிட்டு, கொஞ்சம் மெதுவாகப் படிக்கச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரருக்கு ரத்தக்கொதிப்பாம்.

எழுத்தாளரின் மனைவி குரலைத் தணித்துக்கொண்டு மேலே படித்தாள். எழுத்தாளர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்ததிலிருந்து அவர் பார்ப்பது அந்தக் கூரை ஒன்றைத்தான். அதையும் பார்க்கிறாரா என்பது டாக்டருக்குச் சந்தேகம்.

ஆஸ்பத்திரிக்குப் பழைய போர்வை தேடிப் பரணில் ஏறியவளுக்குக் கயிறு போட்டுக் கட்டிய நாவல்கள்தான் கிடைத்தன. அட்டைக்கு அட்டை பல், பல்லுக்குப் பல் ரத்தம். குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் அவர் எழுதித் தள்ளியவை. பூமிக்கடியிலிருந்து ஆதிகால மிருகங்கள் கிளம்பி வந்து ஊரைத் துவம்சம் செய்யும், அவ்வளவுதான் கதை.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அதில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. இப்போது ஒன்றுவிடாமல் அவருக்கே படித்துக்காட்டினாள். வாள்பல்லன் கடித்தது, பறவைப்பேய் கொத்தியது. நெடுங்கழுத்தன் மட்டும் கட்டடங்களை இடித்து, ஆட்களை மிதித்து, அப்படியே போட்டுவிட்டுப் போனது. அவளுக்கே சப்பென்று இருந்தது.

அவரிடம் ஓர் அசைவும் இல்லை. வாள்பல்லன் ஒரு மந்திரியைத் தின்றபோதுகூட.

மகன் வந்து கட்டிலின் காலடியில் நின்றான். டாக்டரிடம் பேசிவிட்டானாம். இனி இங்கே வைத்திருந்து பிரயோஜனமில்லை, காலையில் குழாய்களை எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றாராம். வீட்டுக்கு எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

"ஒரு வார்த்தை பேசிட்டார்னா வெச்சுக்குவாங்களாடா?"

"செவுத்துக்குப் படிச்சுக் காட்டறதும் இவருக்குப் படிச்சுக் காட்டறதும் ஒண்ணுதாம்மா."

"செவுரு இவ்வளவு பொறுமையா கேக்காது" என்று சொல்லிவிட்டு, மூட்டையில் மிச்சமிருந்த ஒரே நாவலை எடுத்தாள்.

இதில் முதலிலிருந்தே நெடுங்கழுத்தன்தான். ரயில் நிலையம் போயிற்று, பாலம் போயிற்று. கதாநாயகன் மணிக்கூண்டின் உச்சியில் ஒண்டிக்கொண்டிருக்க, நெடுங்கழுத்தன் தலையை நீட்டியது. அவள் பக்கத்தைப் புரட்டினாள். விரலோடு பொடிதான் வந்தது. முடிவைப் பூச்சி முன்பே தின்று தீர்த்திருந்தது.

படிப்பதை நிறுத்தினால் எல்லாம் முடிந்துவிடும் என்று பட்டது. புத்தகத்தை மூடாமல், கண்ணை அதிலிருந்து எடுக்காமல், சொந்தமாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

நெடுங்கழுத்தன் கதாநாயகனை லபக்கென்று விழுங்கியது. காதலியைக் கடித்துத் துப்பியது. போலீஸ்காரர்கள் தீர்ந்ததும் அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை. தெரிந்தவர்களை அனுப்பத் தொடங்கினாள். குடிநீர் அலுவலகத்தின் பெரிய அதிகாரி போனார். வாடகை கேட்டு வரும் வீட்டுச் சொந்தக்காரர் போனார். வெள்ளைக்கோட்டுப் போட்ட ஒரு டாக்டரை அது எலும்போடு மென்று தின்றது.

மகன் மெல்ல அவள் தோளைத் தொட்டான். போதும் என்றான், கடையிலிருந்து சாப்பிட ஏதாவது வாங்கி வரட்டுமா என்றும் கேட்டான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பவும் அதுக்குப் பசி அடங்கலை. ரத்தம் சொட்டச் சொட்டப் பெத்த புள்ளையையும் தின்னுச்சு. தின்னுட்டு..."

தின்னக் கொடுக்க இனி யாரும் பாக்கியில்லை. மகன் அவள் மடியிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினான்.

கட்டிலில் என்னவோ கரகரத்தது. குழாய்தான் அடைத்துக்கொண்டது என்று நர்ஸ் ஓடிவந்தாள். எழுத்தாளரின் ஒருபக்க உதடு கோணிக்கொண்டு அசைந்தது. கண் கூரையை விட்டு இறங்கி, மனைவியின் முகத்தில் வந்து, அடக்க முடியாத எரிச்சலோடு நின்றது.

"அது சைவம்டி."