இரண்டாம் மாடிச் சுவர்

அன்று இரண்டாம் மாடி நடையில் இருந்தவர்கள் நான், என் மனைவி சந்திரம்மா, இளைய மகன் கிஷோர், தண்ணீர்க் கசிவைக் கண்டுபிடிக்கச் சென்னையிலிருந்து கருவியோடு வந்திருந்த தேவேந்திரன்.

மூத்த மருமகள் யமுனாவும் அதே மாடியில்தான் இருந்தாள். தலைவலி என்று சொல்லித் தன் அறையில் கதவைச் சாத்திப் படுத்திருந்தாள்.

சத்தியவேடு பக்கம் கம்பெனிக்காரர்கள் நிலம் கேட்டு வந்த காலத்தில், எங்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டுத் திருச்சானூரில் கட்டிய கட்டடம் அது. கீழே கல்யாண மண்டபம். அதற்கு மேல் யாத்திரிகர்கள் தங்கும் அறைகள். இரண்டாம் மாடியில் நாங்கள்.

மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் சுவர் ஊறி, பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று தெரியவில்லை. மண்டபம் பார்க்க வந்த பெண் வீட்டார் அந்தச் சுவரைப் பார்த்ததும் செருப்பைத் தேடினார்கள்.

தேவேந்திரன் எல்லாக் குழாய்களையும் மூடச் சொன்னான். மோட்டாரை நிறுத்தச் சொன்னான். யாரும் நடக்கக் கூடாது, பேசக் கூடாது என்றான். மூடிய வீட்டில் ஓடுகிற தண்ணீர் சுவருக்குள் சீறுமாம்.

ஒரு இரும்பு வட்டைச் சுவரில் அழுத்தி, அதன் ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முழமாக நகர்ந்தான்.

“இன்னா சார், சுவத்துக்கு ஜுரம் எவ்ளோ கீது?” என்றான் கிஷோர்.

“வாய மூடுடா. அவரு காதுல உன் சத்தம்தான் ரொப்பிக்கினு கீது,” என்றாள் சந்திரம்மா.

யமுனாவின் குளியலறைச் சுவரில் தேவேந்திரன் நின்றான். சாக்பீஸால் வட்டம் போட்டான். இன்னொரு முறை கேட்டான். பிறகு கருவியைக் காதிலிருந்து கழற்றி, யாரிடமும் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

இன்னொருவன் காதை நம்பி, நான் கட்டிய சுவரை உடைக்க எனக்குச் சம்மதமில்லை. வாங்கி என் காதில் வைத்தேன்.

சீறல் கேட்டது.

அதற்குள் ஒரு குரலும் கேட்டது. யமுனா சுவருக்கு அந்தப் பக்கம் சாய்ந்து நின்று, செல்போனில் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தாள். என் தோளுக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுபோல இருந்தது.

“வெள்ளிக்கிழமை நாயுடுபேட்டை பஸ் ஏறிடறேன். நீ ஸ்டாண்டுலயே நில்லு. மாமா மூஞ்சப் பாத்து என்னால சொல்ல முடியாது.”

எதிர்முனையில் இருந்தவன் என்ன சொன்னானோ, அவள் சிரித்தாள்.

என் மூத்த மகன் தரணி குவைத்தில் இறந்துபோனான். சவப்பெட்டி வந்த நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கிஷோர் கை நீட்டினான்.

“குடு நைனா, நானும் கேக்கறேன்.”

செல்போனைக் காட்டச் சொல்லி அண்ணியின் கதவை உதைத்தவன் அவன். குடும்பத்துக்குத் தலைகுனிவு வந்தால் மனிதனாக இருக்க மாட்டேன் என்று சாப்பாட்டுத் தட்டின் முன் சொன்னவன். அவன் கோபத்தை வளர்த்தது என் ரத்தம்தான். அது எதுவரை போகும் என்று எனக்குத் தெரியும்.

நான் கொடுக்கவில்லை. தோளில் இருந்த துண்டால் அந்த வட்டத்தை அழித்தேன்.

“இங்க இல்ல. படிக்கட்டு சுவத்த ஒடைங்க.”

தேவேந்திரன் என்னைப் பார்த்தான். அவனும் கேட்டிருந்தான்.

“சரிங்க ஐயா. என் காதுதான் தப்பு,” என்றான்.

எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. படிக்கட்டுச் சுவரை உடைத்தார்கள். செங்கல் காய்ந்து கிடந்தது. கிஷோர் தெருவில் நின்று, இவன் ஏமாற்றுக்காரன், கருவி பொம்மை என்று எல்லோர் காதிலும் விழும்படி கத்தினான். தேவேந்திரன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனான். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போ என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வரை யமுனாதான் எனக்குச் சோறு பரிமாறினாள்.

ஒவ்வொரு வேளையும் சொல்ல நினைத்தேன். இலையைப் பார்த்துக்கொண்டு, ரசம் போதும் என்றேன். வீட்டுக்குப் பெரியவனான என் வாயால் வந்தால் அது சம்மதமாகிவிடும், சம்மதமானால் ஊருக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்று எண்ணினேன். அப்போது அது பெரிதாகத் தெரிந்தது. எனக்குத் தெரியுமம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், போவதற்கு முன் ஒருமுறையாவது என் எதிரில் அவள் சிரித்திருப்பாள்.

அவள் போன பிறகு அந்தக் குளியலறைச் சுவரை உடைக்கச் சொன்னேன். குழாய் வளைகிற இடத்தில் எல்போ விரிசல் விட்டிருந்தது. தேவேந்திரன் வட்டம் போட்ட அதே இடம். மண்டபச் சுவர் இப்போது காய்ந்துவிட்டது. கல்யாணங்கள் நடக்கின்றன.

மாமனார் மதியத் தூக்கத்தில் இருந்தபோது யமுனா பின்வாசல் வழியாக ஓடிப்போனாள் என்று திருச்சானூரில் இன்றும் பேசுகிறார்கள்.

தவறு. அவள் காலையில், முன்வாசல் வழியாகப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தியதும், அவள் பையை உள்ளே தூக்கி வைத்ததும் நான்.