காவலில் இருக்கிறானா?

"நம்ம பரம்பரையில எவனும் போலீஸ் ஸ்டேஷன் படி மிதிச்சதில்ல," என்றார் பெரியவர், மருமகளின் நாற்காலிக்குப் பின்னால் விறைப்பாக நின்றபடி.

"காலையிலேருந்து இதையேதான் சொல்றீங்க, மாமா."

ஊர்வலத்துக்குப் போன மகன் திரும்பவில்லை. ஊர்வலம் கலவரத்தில் முடிந்திருந்தது. மருமகள் கணினியில் போலீஸ் இணையதளத்தைத் திறந்து அவன் பெயரைத் தட்டினாள்.

"கைதானவங்க பட்டியல்ல அவர் பேரு இல்ல, மாமா."

பெரியவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லாப் பாத்தியா?"

"கண்ணு வலிக்கப் பாத்துட்டேன்."

"கோர்ட்டுக்குக் கொண்டுபோயிட்டா அங்கேருந்து பேரை எடுத்துடுவாங்களாம். ஜெயில் காவலுக்குத் தனிப் பக்கம் இருக்கு. பேரோட பிறந்த தேதியையும் சேத்துப் போடும்மா."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வக்கீலைக் கேட்டேன். மானத்தை விட்டுட்டுத்தான்."

கைப்பேசி ஒலித்தது. பெரியவரின் தம்பி. "அண்ணே, உள்ள கூப்பிடுறாங்க. என்ன செய்யட்டும்?"

"கொஞ்சம் பொறுடா!"

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு புகைப்படம் வந்தது. கலைந்த தலை, வீங்கிய உதடு, கீழே கைதி எண்.

"மாமா, அவர்தான்!" மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பெரியவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் அடையாளம் காட்டக் காத்திருந்த தம்பியிடம், தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"டேய், உள்ள போகாத! அது நம்ம பையன் இல்லடா. அவன் ஜெயில்ல இருக்கான்!"