மூன்றாம் மாடி மீட்டர்

காலை ஏழே கால். பெய்ரூட்டின் அந்தப் பழைய கட்டடத்துக்கு ஜெனரேட்டர் கரண்ட் வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. மீட்டர் கணக்கெடுக்க வந்த ஹிக்மத், வாசலில் இருந்த மீட்டர் பலகை முன்னால் அபூ ஃபாரிஸ் நிற்பதைப் பார்த்தான். அவன் எப்போது வந்தாலும் அவர் அங்கேதான் நிற்பார். மூன்றாம் மாடி மீட்டரையே பார்ப்பார்.

“இன்னைக்கும் காவலா, பெரியவரே? மூணாம் மாடி அதீப் உங்க கரண்டைத் திருடுறாருன்னு சந்தேகமா?”

“மீட்டர் லைட் மெதுவா மின்னுது பாரு. ஃப்ரிட்ஜ் மட்டும்தான் ஓடுது.”

“ஓடட்டுமே. உங்களுக்கென்ன நஷ்டம்?”

“கரண்ட் வந்ததும் சவரத்துக்குத் தண்ணி சுட வைப்பான். அப்ப இது படபடன்னு மின்னும். ரெண்டு நாளா அது இல்ல.”

“எங்கயாவது போயிருப்பாரு.”

“கார் வெளியிலதான் நிக்குது.”

“அப்ப போய்த் தட்டிப் பாருங்களேன்.”

“என் குரல் கேட்டா திறக்க மாட்டான். நீ வந்து கூப்பிடு.”

ஹிக்மத் சிரித்துக்கொண்டே படியேறினான். அவர் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார். மூன்று முறை தட்டியும் பதில் இல்லை.

“அப்படி என்ன பகை உங்களுக்குள்ள?”

“அப்பா செத்த வாரமே ரெண்டு வீட்டுக்கும் மீட்டரைத் தனித்தனியாப் பிரிச்சாகணும்னு பிடிவாதமா நின்னேன். அதோட பேச்சு நின்னுபோச்சு. பதினோரு வருஷமா அவன் நல்லாருக்கான்னு அந்த லைட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்.”

ஹிக்மத்தின் சிரிப்பு நின்றது. அபூ ஃபாரிஸ் அவனை விலக்கிவிட்டு, உள்ளங்கையால் கதவை அடித்தார்.

“அதீப்! அண்ணன் வந்திருக்கேன்டா. என்னைத் திட்டவாவது கதவைத் தெறடா!”